ஒன்பது தட்டுக் கவசம்

ஒரு ஊருன்னா அதுக்குன்னு ஒரு வெயில் உண்டு, அந்த வெயிலு பக்கத்து ஊரு வெயிலுக்கு அக்காவாவோ தங்கச்சியாவோ இருக்கும், அதுதான் உலக வழக்கம். ஆனா எங்க அகத்திக்குளத்துல இருபத்தொரு நாளு வெயிலு மீட்டரு சொன்னபடி கேட்டு நடந்துது, அந்த இருபத்தொரு நாளையும் முடிச்சு வச்சவ இந்த முத்துப்பேச்சிதான். எனக்கு அடக்கமெல்லாம் வராது. கேக்கணும்னா உக்காந்து கேளுங்க, இல்லன்னா சோலியைப் பாத்துப் போங்க.

பங்குனி கடைசியில ஒரு செவ்வாக்கிழமை ரெண்டு பேரு ஜீப்புல வந்து, பஸ் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல மைதானத்துல ரெண்டு ஆள் உசரத்துக்கு ஒரு கம்பத்தை நட்டு, அது உச்சியில முருங்கைக்காய்த் துண்டு கணக்கா ஒரு கருவியை மாட்டி, கீழே செவப்பு எழுத்து எரியுற ஒரு போர்டையும் வச்சாவ. போர்டுல மேல்வரி வெப்பம், கீழ்வரி ஈரம். "இனிமே உங்க ஊருக் காத்து எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு இந்த மீட்டரு சொல்லும், இதுக்கு மேல மாட்டுற சாமான் ஒண்ணு அடுத்த வண்டியில வருது"ன்னு சொல்லிட்டுப் போனாவ. அடுத்த வண்டி இன்னைக்கு வரைக்கும் வரல.

வியாழக்கிழமை மத்தியானம் அது ஆரம்பிச்சுது. மீட்டரு மொட்டை வெயிலுல காய்ஞ்சு காய்ஞ்சு நாப்பத்திமூணுன்னு காட்டிச்சு, காட்டுன அந்த நிமிசமே ஊரு முழுக்க நாப்பத்திமூணு ஆயிட்டு, குளத்துக்குள்ள நின்ன எருமை கூட எந்திரிச்சு நிழலுக்கு ஓடிச்சு. அதை முதல்ல கண்டுபிடிச்சது போர்டுக்கு எதுத்த சைக்கிள் கடை ஐயம்பெருமாள். ஒரு காக்கா வந்து மீட்டருக்கு மேல ரெக்கையை விரிச்சு உக்காந்துது, எண்ணு நாப்பதுக்கு எறங்கிச்சு, கடைக்குள்ள இருந்த ஐயம்பெருமாள் முதுகுல வேர்வை அடங்கிச்சு. காக்கா பறந்துது, எண்ணு ஏறிச்சு, மறுபடியும் வேர்வை கொட்டிச்சு. அவரு மூணு தடவ இதைப் பாத்துட்டு, பஞ்சரு ஒட்டிக்கிட்டு இருந்த டியூபைக் கீழ போட்டுட்டு, தெருவுக்கு வந்து, "ஏ, வெயிலு இப்ப மீட்டரைக் கேட்டுத்தான் அடிக்கி"ன்னு சத்தம் போட்டு சொன்னாரு.

யாரும் ஆச்சரியப்படல. ஏன் ஆச்சரியப்படணும்ங்கேன்? தராசு சொல்லுத எடையைத்தான் நாம ஒத்துக்கிடுதோம், கடிகாரம் சொல்லுத நேரத்துக்குத்தான் பள்ளிக்கூடம் விடுதாவ, மீட்டரு சொல்லுத வெயிலை வெயிலு ஒத்துக்கிட்டா அதுல என்ன தப்பு. ஊரு அதுக்குத் தக்கன தன்னை மாத்திக்கிட்டு. காக்காவுக்கு நெய்ச்சோறு வச்சோம், மீட்டருக்கு மேலயே குந்தி இருக்கட்டும்னு. அது தின்னுட்டுத் தின்னுட்டு வேப்பமரத்துல போய் உறங்கிச்சு, மூதி. வடகம் போடுறவ போர்டைப் பாத்துப் போட்டா, துணி துவைக்கிறவ போர்டைப் பாத்துத் துவைச்சா. எங்க ஊருக்கும் மேலப்பாலத்துக்கும் நடுவுல ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கால வச்சா பழைய வெயிலு, இந்தப் பக்கம் மீட்டரு வெயிலு, அதனால மத்தியானமானா பொம்பளைகள்லாம் கீரையை எடுத்துக்கிட்டு ஓடைக்கு அந்தக் கரையில போய் உக்காந்து ஆயுறது பழக்கமாயிட்டு. மேலப்பாலத்துக்காரிய, "என்னக்கா, உங்க ஊரு வேகுதா, அவியுதா?"ன்னு நக்கலடிச்சாளுவ.

எல்லாரும் சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல.

எனக்கு ஓடைக்கு இந்தப் பக்கக் கரையில ஒரு கொடிக்கால் உண்டு. ஒரு அகத்தி நட்டு, அதுக்கடியில வெத்தலைக் கொடி நட்டு, இப்படியே அரை ஏக்கர். ஐப்பசியில வச்சது, நல்ல நாட்டுக்கொடி, சித்திரையில முதல் கிள்ளு. இது என் மூணாவது கொடிக்கால். முதலாவது வெள்ளத்துல போச்சு, ரெண்டாவது வேரழுகல்ல போச்சு. நிலம் தளவாய் அண்ணாச்சியோடது, நல்ல மனுசன்தான், ஆனா மீட்டரு வந்த அதே வாரம் வரப்புல நின்னு சொல்லிட்டாவ: "முத்துப்பேச்சி, இந்தத் தடவையும் கொடி பட்டுப் போச்சுன்னா நிலத்தை வாழைக்கு மாத்திருவேன். வாழைக்கன்னுக்குச் சொல்லி வச்சாச்சு. என்மேல வருத்தப்படக் கூடாது." வாழை வைக்க எனக்கு வராது, வேற நிலமும் எனக்கு யாரும் தரப்போறதில்ல. வெத்தலை நாப்பதைத் தாங்காது. நாப்பத்தஞ்சுல நுனி கருகும், அம்பதுல கொடியே பட்டுரும். ஊருல எல்லாரும் போர்டை வேடிக்கை பாத்தாவ, நான் மட்டும் பரிச்சை ரிசல்ட் பாக்கிறவ மாதிரி பாத்தேன்.

மூணாம் நாளு நான் ஒரு ஏணியைச் சாத்தி, குடையை எடுத்துக்கிட்டு ஏறி, மீட்டருக்கு மேல பிடிச்சேன். எண்ணு முப்பத்தெட்டுக்கு எறங்கிச்சு. ஊரே அப்பாடான்னுது. கீழ இருந்து, "இன்னும் கொஞ்சம் மேக்கால சாய்ச்சுப் பிடி", "எங்க வீட்டுல முகூர்த்தம் முடியுத வரைக்கும் எறங்கிராதே"ன்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாவளே தவிர, ஒருத்தராவது ஏறி வந்தாவளா? பொறவு நான் வஞ்ச வசவுல வீட்டுக்கு ஒரு மணி நேரம்னு குடை முறை போட்டாவ. கம்பத்துல கட்டியும் பாத்தோம், மேக்க இருந்து வாற மேகாத்து ஒரே பிடுங்கா பிடுங்கிக் குளத்துல போட்டுட்டு. முறைக்காரவுக பாதிப் பேரு மயங்கி விழுந்தாவ, மீதிப் பேருக்கு அந்த நேரம் பாத்து வெளியூருல சாவு விழுந்துது. நாப்பத்திமூணு நாப்பத்தாறாச்சு. கொடியில நுனி கருக ஆரம்பிச்சுட்டு.

எங்க ஊருத் தலைவரு சங்கரநயினாரு மீட்டரு வச்ச ஆபீசுக்கு எழுதிப் போட்டாவ. பதினோராம் நாளு பதில் வந்துது. மைக் செட்டுப் போட்டு, தொண்டையைச் செருமி, வாசிச்சாவ: "கருவி நேரடி வெயிலில் உள்ளதால் அளவு மிகுந்து காட்டும். எனவே காற்றோட்டமான கவசம் உடனடியாகப் பொருத்தப்பட வேண்டும்." வாசிச்சு முடிச்சுட்டு மைதானத்தை ஒரு சுத்துப் பாத்தாவ. "காத்தோட்டத்துக்கு இங்க என்ன குறை? ஊருலயே காத்தோட்டமான எடம் இதுதான். இல்லாதது கவசம் மட்டும்தான்."

கவசம்னா எங்க ஊருல ஒண்ணே ஒண்ணுதான். அம்மனுக்குச் சாத்துறது. கூட்டத்துல இருந்த ஒருத்தருக்கும் அதுல சந்தேகமே வரல, எனக்கும் வரல, உண்மையைச் சொல்லணும்லா. அட, இத்தனை நாளு ஒரு கவசம் இல்லாமத்தான் இவ்வளவு கோவமா, முன்னாலயே தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்போமேன்னு எங்களுக்கெல்லாம் வெக்கமாப் போச்சு. வீட்டுக்கு ஒரு பித்தளைச் சாமான் குடுத்தோம், ஒடைஞ்ச குத்துவிளக்கு, ஓட்டைச் செம்பு, பிடி போன கரண்டி, எல்லாத்தையும் உருக்கி ஆசாரி மூணு நாளு ராப்பகலா அடிச்சாரு. மீட்டரு ஆம்பளையா பொம்பளையா, மீசை வைக்கவா மூக்குத்தி வைக்கவான்னு ஒரு பெரிய தகராறு கிளம்பி, கடைசியில ரெண்டும் வேண்டாம், கண்ணு மட்டும் போதும்னு முடிவாச்சு. நல்ல வழுவழுன்னு ஒரு முகம், ஒரு ஊசி நுழைய இடுக்கு கிடையாது, அவ்வளவு சுத்தமான வேலை.

பதினாறாம் நாளு, வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால கவசத்தைச் சாத்துனோம். பொம்பளைகள்லாம் குலவை போட்டோம். பித்தளை வெயிலுல தகதகன்னு மின்னுச்சு. எல்லாரும் கும்பிட்டுட்டு போர்டைப் பாத்தா நாப்பத்தேழு. கும்பிட்ட கையை எறக்குறதுக்குள்ள நாப்பத்தொம்பது. உள்ள போன சூட்டுக்கு வெளிய வர வழி கிடையாது, கவசம் அடுப்பாயிட்டு, மீட்டரு அதுக்குள்ள வெந்துக்கிட்டே எண்ணைச் சொல்லுது, ஊரு அந்த எண்ணுக்கு வேகுது. அம்பத்தொண்ணு. அம்பத்திமூணு. கோழி அவிச்ச முட்டையா இட்டுது. அப்பளம் எண்ணெய் இல்லாம முத்தத்துலயே பொரிஞ்சுது. தபால்காரரு சைக்கிளு டயரு தார் ரோட்டோட ஒட்டிக்கிட்டு, அவரு சைக்கிளை அப்படியே விட்டுட்டு ஓடைக்கு அந்தக் கரைக்கு ஓடுனாரு. ஐயம்பெருமாள் சாக்கைக் கையில சுத்திக்கிட்டு ஏறிக் கவசத்தைக் கழத்தி எறிஞ்ச பொறவுதான் எங்களுக்கு மூச்சே வந்துது. நான் கொடிக்காலுக்கு ஓடுனேன். கிழக்கு ஓரத்துல நாலு வரிசை பட்டுப் போய்க் கிடந்துது. வரப்புல உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாளு எதுத்த வீட்டு கோமு மைனி ஒரு யோசனை சொன்னா. "மண்பானையில ஈரச் சாக்கைச் சுத்துனா தண்ணி குளிருதுல்லா, அதை மீட்டருக்குச் சுத்துவோம்." சுத்துனோம். எண்ணு முப்பதுக்கு வந்துது, ஆகா ஓகோன்னு மைனியைத் தலையில தூக்கி வைக்காத குறை. போர்டுல கீழ்வரியை ஒருத்தரும் பாக்கல. ஈரம் நூறு. ஊருக்கும் நூறாயிட்டு. உப்பு ஜாடியில உப்பு தண்ணியா நின்னுது, தீப்பெட்டி பத்தல, நியூஸ் பேப்பரை எடுத்தா கூழாட்டம் கையில வந்துது, சுவத்துல மாட்டுன கல்யாண போட்டோவுக்குள்ள மாப்பிள்ளைக்கு வேர்த்துது. சனங்க அதுக்கும் பழகிக்கிட்டு. ரெண்டாம் நாளு தலைவரே நல்லாத்தான் இருக்கு, பவுடரு செலவில்லன்னாரு. ஆனா வெத்தலைக்கு வெக்கை ஒரு எமன்னா ஈரம் இன்னொரு எமன். நாலாம் நாளு என் கொடியில தூருக்கிட்ட கருப்பு விழுந்துட்டு. வேரழுகல். எனக்கு அது எப்படி வரும்னு தெரியும், ஒரு கொடிக்காலை அதுக்குக் குடுத்தவ நான்.

அது செவ்வாக்கிழமை சாயங்காலம். நான் கொடிக்கு நடுவுல போய் நின்னு, கோவமும் அழுகையுமா, வாய்க்கு வந்தபடி அகத்தியை வஞ்சேன். "உன்னைய எதுக்கு நட்டேன்? கொடிக்கு வெயிலு படக் கூடாதுன்னுதானே நட்டேன், ஊரே வேகும்போது நீ என்னத்தக் கிழிச்சே?" வஞ்சுக்கிட்டே அண்ணாந்து பாத்தேன். இலைக்கு மேல இலை, அதுக்கு மேல இன்னொரு இலை, ஒண்ணோட ஒண்ணு தொடாம. மேல இருந்து வாற வெயிலு ஒரு இலையில தப்புனா அடுத்த இலையில மாட்டுது. பக்கத்துல இருந்து வாற காத்து தாராளமா உள்ள வந்து, கொடியை ஒரு ஆட்டு ஆட்டிட்டு, அந்தப் பக்கமாப் போகுது. யம்மா! நாங்க கொடிக்குக் கூரை போடுறது கிடையாதே. கூரை போட்டா கொடி செத்துரும்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியுமே. வெத்தலையை இப்படி வளக்கிற ஊரு, ஒரு முருங்கைக்காய்த் துண்டை அண்டாவுல போட்டு மூடி வச்சிருக்கோமே! காத்தோட்டமான கவசம்னு எழுதுனவன் மைதானத்துக்குக் காத்தைச் சொல்லல, கவசத்துக்குக் காத்தைச் சொல்லியிருக்கான். எனக்குக் கோட்டி பிடிச்ச மாதிரி சிரிப்பு வந்துது.

விடிஞ்சதும் ஐயம்பெருமாள் கடை வாசல்ல நின்னேன். "எனக்கு ஒரு அகத்தி செஞ்சு தரணும்"னேன்.

"சைக்கிளு கடையில வந்து மரம் கேக்கியே, தாயீ, வெக்கை மண்டைக்கு ஏறிட்டா?"

"தட்டு மேல தட்டு. எல்லாத்தையும் கவுத்து வையும். ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது, நடுவுல ரெண்டு விரக்கட இடைவெளி இருக்கணும். தட்டு நடுவுல ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள்ள மீட்டரு தொங்கணும். வெயிலு தட்டோட போயிரும். காத்து இடுக்கு வழியா வந்து போகும்."

அவரு ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா இடைவெளி விட்டுக் கவுத்துப் பாத்தாரு. பொறவு பைய, "இரும்புத் தட்டுன்னா காயும். வெள்ளைத் தட்டா இருந்தா நல்லது"ன்னாரு. அப்பமே தெரிஞ்சுட்டு, மனுசனுக்குப் புடிபட்டுட்டுன்னு.

வெள்ளைத் தட்டு எங்க ஊருச் சங்கத்துல, விசேஷத்துக்குக் குடுக்கிற பாத்திர அறையில அம்பது கிடந்துது, பிளாஸ்டிக்கு, ஆழமே கிடையாது, ரசம் ஊத்துனா மடிக்கு வந்துரும், ஊருல ஒருத்தருக்கும் புடிக்காத தட்டு. நான் அள்ளிட்டு வாறதைப் பாத்துத் தலைவரு குறுக்க வந்து நின்னுட்டாவ. "சாமிக் கவசம் சாத்துன எடத்துல சோறு தின்ன எச்சில் தட்டையா மாட்டப்போற? நான் விடமாட்டேன்."

"நீங்க தின்ன தட்டுலதான் மறுநாளு நான் தின்னேன், எனக்கு என்ன பல்லா விழுந்துட்டு? கழுவி வச்ச தட்டு, நகருங்க."

அவிய நகரல. கூட்டம் கூடிட்டு. கோமு மைனிதான் அவியளை மடக்குனா. "அண்ணாச்சி, நிச்சயத்துக்கு நாம தூக்கிட்டுப் போற வரிசைத் தட்டு எல்லாம் புதுசாவா வாங்குதோம்? பழம் வச்சுத் தூக்கிட்டா அது சீர்த் தட்டு. இது நம்ம ஊரு மீட்டருக்கு வைக்கிற சீரு." சீருன்னு சொன்ன பொறவு தலைவரு வழியை விட்டாவ.

ஐயம்பெருமாள் நீளமா மூணு மரையாணிக் கம்பியை எடுத்து, எட்டுத் தட்டுலயும் ஓட்டை போட்டு, பழைய டியூபை வட்ட வட்டமா வெட்டித் தட்டுக்கு நடுவுல இடைவெளிக்குக் குடுத்து, கோத்து, முறுக்கி, நிமித்தி வச்சாரு. பாக்க வெள்ளைவெளேர்னு கவுந்த அடுக்கு. மைனி எண்ணிப் பாத்துட்டு, "என்ன இது, எட்டு? எட்டுத் தட்டு யாரு சீரு வைப்பா? ஒத்தைப்படையில வையும்"ன்னா. அவரு முணுமுணுத்துக்கிட்டே ஒன்பதாவது தட்டை எடுத்தாரு. எடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு. ஒரே வேகத்துல எட்டுக்கும் நடுவுல ஓட்டை போட்டதுல உச்சித் தட்டுலயும் ஓட்டை விழுந்து கிடக்கு, உச்சி வெயிலு நேரா அது வழியா மீட்டரு மண்டையிலதான் அடிச்சிருக்கும். ஒன்பதாவது தட்டை நடு ஓட்டை போடாம உச்சியில வச்சு முறுக்குனாரு. மைனிக்கு அன்னையில இருந்து பிடிக்க முடியாத கெத்து, நான்தான் மீட்டரைக் காப்பாத்துனேங்கா. சொல்லிட்டுப் போகட்டும்.

இதுக்குள்ள உச்சி நேரமாயிட்டு. வேரழுகலுக்குப் பயந்து ஈரச் சாக்கை நான் காலையிலேயே உருவிப் போட்டிருந்தேன், எண்ணு நாப்பத்தெட்டுல நிக்கி. "சாயங்காலம் நல்ல நேரம் இருக்கு"ன்னாரு தலைவரு. "என் கொடிக்குச் சாயங்காலம்னு ஒண்ணு இருக்காது"ன்னுட்டு, முந்தியை இழுத்துச் செருகி, தட்டுக் கவசத்தைத் தலையில வச்சுக்கிட்டு ஏணியில ஏறுனேன். ஐயம்பெருமாள் ஏணியைப் பிடிச்சாரு. ஒவ்வொரு படிக்கும் வெக்கை ஏறிச்சு. அம்பதுன்னு கீழே இருந்து கத்துனாவ. அம்பத்தொண்ணு. என் கொடிக்கால் அங்க இருந்து பாத்தா தெரியும், இலையெல்லாம் தொங்கிப் போய் நிக்கி, பாக்க மாட்டாம நான் கையை நீட்டி மீட்டரைப் பொத்திப் பிடிச்சேன்.

பிடிச்ச நிமிசத்துல கீழ சத்தம் அடங்கிட்டு. போர்டுல முப்பத்தேழு. ஊரு முழுக்க முப்பத்தேழு, என் உள்ளங்கைச் சூடு. அந்தச் சூடு ஒரு மாதிரிச் சூடுன்னு பொறவு எல்லாரும் சொன்னாவ. வீட்டுக்குள்ள இருந்தவுக, கிணத்தடியில நின்னவுக, படுக்கையில கிடந்தவுக, அத்தனை பேருக்கும் யாரோ கையை எடுத்துப் பொத்திப் பிடிச்ச மாதிரி இருந்துதாம், வெத்தலை வாசம் கூட அடிச்சுதாம். எனக்கும் தெரிஞ்சுது. ஆயிரத்தி இருநூறு பேரும், ஆடும் மாடும், அரை ஏக்கர் கொடியும் என் கைக்குள்ள துடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. கையை எடுக்கவே பயமாப் போச்சு. இப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா எல்லாரும் பிழைச்சுக் கிடப்பாவளேன்னு ஒரு நினைப்பு.

"எவ்வளவு நேரம் பிடிப்பே?" கீழ இருந்து ஐயம்பெருமாள் கேட்டாரு. "மாட்டு தாயீ. நான் முறுக்குன முறுக்கு ஏமாத்தாது."

ஒரு கையால மீட்டரு அடியைப் பிடிச்சுக்கிட்டே மறு கையால கவசத்தை மேல இருந்து எறக்குனேன். மீட்டரு எட்டு ஓட்டை வழியா உள்ள ஏறிச்சு. நட்டை முடுக்குனேன், மூணையும் முடுக்குனேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கையை எடுத்தேன்.

முப்பத்தேழு. கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகல. பொறவு மேகாத்து வந்துது, அது தட்டு இடுக்குல புகுந்து போற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுது. கீழ ஒருத்தி, "முப்பத்தாறு!"ன்னு கத்துனா. இன்னொருத்தி, "முப்பத்தஞ்சு!" வெயிலு தட்டுத் தட்டா விழுந்து சறுக்கிக் கீழ போகுது, காத்து ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகுது, மீட்டரு நடுவுல கொடி மாதிரி சொகமாத் தொங்குது. முப்பத்தஞ்சுல நின்னுட்டு. ஓடைக்கு ரெண்டு பக்கமும் ஒரே வெயிலுன்னு மேலப்பாலத்துக்காரிய தாண்டித் தாண்டிப் பாத்துக் கத்துனாளுவ. போட்டாளுவ பாருங்க ஒரு குலவை, எங்க ஊரு பொம்பளைகளும் அவளுவ ஊரு பொம்பளைகளும் சேந்து! வேப்பமரத்துக் காக்கா பயந்து எந்திரிச்சுப் பறந்துது. தலைவரு துண்டை எடுத்துச் சுத்துனாரு, அழுதாரா வேர்த்துதான்னு எனக்குத் தெரியாது. நான் ஏணி உச்சியில நின்னு, "இதுதான்வே கவசம்!"னு கத்துனேன், நாலு தடவ கத்துனேன், ஒரு தடவ போதாது.

அன்னைக்கு மதியத்துல இருந்து எங்க வெயிலு ஒரு அளவோட அடிக்கி. இன்னும் அது மீட்டரைக் கேட்டுத்தான் அடிக்கான்னு சில பேரு கேக்காவ. கேட்டாத்தான் என்ன, இப்ப ரெண்டும் ஒண்ணையே சொல்லுது.

சித்திரை பதினெட்டாம் தேதி முதல் கிள்ளு. பட்டுப் போன நாலு வரிசை, அழுகுன ரெண்டு வரிசை போக மிச்சம் அத்தனையும் நின்னுது, ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கை அகலம். காலையில தளவாய் அண்ணாச்சி வரப்புல வந்து நின்னாவ. பின்னால ரோட்டுல டிராக்டரு, டிராக்டருல வாழைக்கன்னு. என் கொடி பிழைச்சு நின்னதை ஓடைக்கு அப்பால இருக்குற அவியளுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல போல. முதல் கிள்ளுல முதல் இலையைத் தொடையில துடைச்சு, காம்பைக் கிள்ளிட்டு அவிய கையில குடுத்தேன். சுண்ணாம்பு கூடத் தடவல. மடிச்சு வாயில போட்டாவ. மென்னாவ. கண்ணுல தண்ணி வந்துது, மூக்கு செவந்துது, காதைப் பிடிச்சுக்கிட்டாவ.

"ஏயப்பா, என்ன காரம்!"

நான் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னேன். அண்ணாச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, டிராக்டர்காரனைப் பாத்து வண்டியைத் திருப்புன்னு கையைக் காட்டிட்டு, அதே கையை மறுபடியும் என் முன்னால நீட்டுனாவ.

"இன்னொண்ணு குடு, முத்துப்பேச்சி."